பன்னிரண்டு இருபதுக்கு வந்து நில்

அம்முணிக்கு,

நலம், நலமறிய ஆவல், வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். ஆச்சு. போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், நான் வந்த காரியத்தை விட்டுவிட்டு உன்னோடு சண்டைக்கு நிற்பேன். அதனால்தான் எழுதுகிறேன். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அதை முதலில் தேடிப் படிக்காமல் ஒழுங்கு மரியாதையாக வரிசையில் வா.

ஃபைனல் இயர் படங்களுக்கு நான் உச்சி வெயிலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். காலை வெயில் இல்லை, காலண்டரில் போடுகிற பொழுது சாயும் நேரத்து மஞ்சள் வெயிலும் இல்லை. பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரைக்கும் அடிக்கிற, தெருவில் நாய்கூட நடமாடாத அந்த வெள்ளை வெயில். ரிவ்யூவில் இதைச் சொன்னதும் எங்கள் சார் சோடாபுட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஏம்மா, அந்நேரத்துல என்ன தெரியும்னு வரையப்போற?" என்றார். அப்புறம் வழக்கம்போல, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்த கோயமுத்தூர் இது, பேரைக் கெடுத்துவிடாதீர்கள் என்று ஒரு பாட்டம் பாடினார். பாட்டு கிடக்கட்டும், கேட்ட கேள்வி நியாயமானது. அதுதான் என்னை ராத்திரி தூங்க விடுவதில்லை. அது பாதி, ஹாஸ்டல் மேல்தளம் மீதி. பகலெல்லாம் குடித்த வெயிலை நடுராத்திரி தாண்டியும் எங்கள் தலைமேல் இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஃபேன் போட்டால் அந்த அனலையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது.

நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு 'எங்களுக்கும் சம்மர்தான்பா' என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தாயே, பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். பழைய கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனிலே சித்திரையில்தான் பிறக்க வேண்டும். இங்கே கோனியம்மன் தேரன்றைக்கே ராஜ வீதியில் தார் செருப்பில் ஒட்டியது. போன் 38 என்று காட்டுகிறது, ஈரோட்டுக்காரிக்கு அதைச் சொன்னால் 'அவ்வளவுதானா' என்கிறாள், அவர்கள் ஊரும் கரூர் பக்கத்துப் பரமத்தியும் டிவி வெயில் பட்டியலில் முதல் இடத்துக்கு அடித்துக்கொள்கிற ஊர்களாயிற்றே. மாசியில் ஒரு தூறல்கூட இல்லை. கொன்றை இப்போதே பூத்து உதிர்கிறது, சித்திரைக் கனிக்கு வைக்க ஒரு கொத்து மிஞ்சுமா என்று மெஸ் அக்கா கவலைப்படுகிறது. 'கோயமுத்தூர் ஏசி ஊருங்க' என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்களோ தெரியவில்லை.

வகுப்பில் நடக்கிற கூத்தைக் கேள். வாட்டர்கலரில் வாஷ் இழுத்தால் பிரஷ் தாளின் கடைசிக்குப் போவதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்து கோடு கட்டிவிடுகிறது. அக்ரிலிக் தட்டிலேயே தோல் போர்த்துக்கொள்கிறது. கரித்துண்டால் வரைந்தால் வேர்வைக் கை பட்டு முகமெல்லாம் தேய்ந்து, மாடலாக உட்கார்ந்த தாத்தா பத்து வயது கூடித் தெரிகிறார் (அவர் எப்படியும் தூங்கிவிடுகிறார், அது வேறு). களிமண் தலைகளுக்கு ஈரச்சாக்கு சுற்றி வைத்தாலும் காலையில் வந்து பார்த்தால் கழுத்தில் விரிசல். தண்ணீரில் ஒரு சொட்டு கிளிசரினோ தேனோ விட்டால் நிறம் சீக்கிரம் காயாது என்று சொல்வார்கள் இல்லையா, அதைக் கேட்டு நம்ம மூக்குத்தி மெஸ்ஸிலிருந்து தேன் வாங்கி வந்து தாராளமாக ஊற்றினாள். நிறம் காயத்தான் இல்லை. ராத்திரி எறும்பு வந்து அவள் வரைந்த வாலாங்குளத்தின் ஒரு கரையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மார்க் போடும்போது சோடாபுட்டி அதை 'டெக்ஸ்ச்சர் நல்லா இருக்கு' என்றார் பார், அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்காகத்தான் எல்லோரும் காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் வரைந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் பேரூர் கோயில். கனகசபை மண்டபத்தில் கல்தரையில் உட்கார்ந்தால் தொடை குளிர்கிறது. யானையை உரித்துப் போர்த்திய சிவனைப் பாதிப்பேர் வரைகிறார்கள், மீதிப்பேர் விதானத்துக் கல்சங்கிலியைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்கிறார்கள். நானும் கிடந்தேன். ஆனால் எத்தனை பேர் போனாலும் படம் ஒரே படமாக வருகிறது. எல்லார் தாளிலும் அதே நீள நிழல், அதே ஓரத்து வெளிச்சம். அந்த நேரத்து வெளிச்சம் பாதி வேலையைத் தானே செய்துவிடுகிறது, நமக்கு வேலையே இல்லை.

உச்சி வெயிலைப் பிடித்தது ஊரில்தான். ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் போயிருந்தேன், சோறு தின்றுவிட்டு மாடு மேய்கிற கொரங்காட்டுப் பக்கம் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், கிளுவை வேலி கடந்ததும் இருக்கிற அந்தப் பெரிய வெள்வேலமரம், நீ பாவாடையைக் கிழித்துக்கொண்டாயே. கிளுவை ஒரு இலை இல்லாமல் நின்றது. கொழுக்கட்டைப்புல் காய்ந்து வெளுத்து, தரையும் புல்லும் ஒரே நிறம். மாடுகள் மரத்தடியில் ஒட்டி நின்றன. மயிலைக் காளை ஒன்று வாலைக்கூட ஆட்டாமல் நின்றது. முதுகு வெறும் வெளிச்சம், அங்கே நிறமே இல்லை, தாளை அப்படியே விட்டுவிடலாம். திமிலில் மட்டும் கறுப்பு. சரி, வயிறு நிழலில் இருக்கிறது, சாம்பல் போடலாம் என்று குனிந்து பார்த்தால், வயிறு சிவப்பு! மேலே அடித்த வெயில் செம்மண்ணில் பட்டு எழும்பி அடிவயிற்றிலும் தாடைக்கு அடியிலும் தொடை உட்புறத்திலும் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாசத்தில் சாம்பலாகிறது என்பது எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். வளர்ந்த மாட்டின் வயிற்றிலும் மத்தியானத்துக்கு மத்தியானம் சிவப்பு திரும்பி வருகிறது என்பது இத்தனை வருஷம் தெரியாது. அப்புறம் எங்கே பார்த்தாலும் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாரு முகத்தில் மூக்கு நுனி வெளுத்துக் கிடக்கிறது, கண் இருக்கிற இடம் இருண்ட குழி, மோவாய்க்கு அடியில் மட்டும் ஒரு ஆரஞ்சு வெளிச்சம். அந்நேரத்தில் வெளிச்சம் கீழேயிருந்தும் வருகிறது அம்முணி. சோடாபுட்டிக்கு என்னுடைய பதில் இதுதான், ரிவ்யூவில் வாய் வரவில்லை.

இதை எந்த நிறத்தால் போடுவது என்பது அடுத்த தலைவலி. டியூபில் இருக்கிற சிவப்பு எதைப் போட்டாலும் கல்யாண பேனர் மாதிரி வந்தது. அதனால் அந்த மண்ணையே எடுத்துவிட்டேன். செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கல்லும் மணலும் அடியில் இறங்கியதும் மேலே நிற்கிற செந்நீரை வேறு குண்டானில் இறுத்து, அது தெளிந்தால் அடியில் மழமழவென்று சேறு நிற்கும். அதைத் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தால் இந்த வெயிலுக்கு ஒரே பகலில் சில்லு சில்லாக வெடித்துக் காய்ந்துவிடுகிறது. (வாட்டர்கலரைக் கெடுத்த வெயில் இதற்காவது உதவட்டும்.) அதை அம்மியில் நுணுக்கி, ஊறவைத்த கருவேலம்பிசின் விட்டு இழைத்தால் பெயிண்ட். பல்லடத்துக்காரி கரிசல் கொண்டுவந்து கொடுத்தாள், ஈரத்தில் கன்னங்கரேல் என்று இருந்துவிட்டு, காய்ந்ததும் சாம்பலாகிவிட்டது. எனக்கு அந்தச் சாம்பல்தான் வேண்டியிருந்தது, மயிலைக் காளைக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கடையில் கிடைக்காது. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாது, அந்தக் காலத்துச் சுவர் ஓவியக்காரர்கள் அதை நம்பியதற்குக் காரணம் அது. சுண்ணாம்பு பூசும்போது கண்ணுக்கே தெரியாது, காயக் காயத்தான் வெள்ளை ஏறும். ஆனால் வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் பிடிக்காமல் மாவாக உதிர்ந்துவிடும், ஈரம் மெதுவாகப் போனால்தான் கெட்டியாகும். ஆக, வெயிலைப் படம் போடுவதற்கு நான் பலகையை நிழலில் வைத்து ஈரச்சாக்கு போர்த்தி, கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

இப்போது சிரிக்க முடியாத ஒன்று. போன தடவை பலகையைக் கட்டுத்தறியில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். உனக்குத்தான் தெரியுமே, என் படத்தைப் பார்த்து அவர் 'நல்லா இருக்குது' என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை, பார்க்காமலே சொல்வார். அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்தார். நான் உற்சாகத்தில் அந்த வெள்ளையைக் காட்டி, எவ்வளவு அழகு பாருங்கப்பா என்று ஏதோ சொன்னேன். "இந்தச் சூட்டைப் பார்த்துப் பயந்துக்கிட்டுக் கெடக்கறேன், நீ அதையப் போயி அழகுங்கற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தென்னையில் குரும்பை கொட்டுகிறது. போர் தண்ணீர் கால் மணி நேரம் வந்துவிட்டு நுரை தள்ளுகிறது. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணீர் எங்கள் மண்டலத்துக்கு முறை வருவதற்குள் இன்னும் எத்தனை மட்டை தொங்குமோ. நான் வண்ணம் பார்த்துக் குதிக்கிற அதே வெள்ளைக் காட்டில்தான் அவர் தினமும் மாட்டுக்குத் தீவனம் தேடி நிற்கிறார். அந்தப் புல் வெளுத்தது எனக்கு நிறம், அவருக்குக் கடன். அதற்காகப் படத்தை விட்டுவிட முடியுமா? விட மாட்டேன். ஆனால் படத்தை எல்லோரும் பார்த்து 'வாவ்' என்றால் அது தப்பான படமோ என்று அன்றிலிருந்து ஒரு குடைச்சல். உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது, சும்மா 'நீ கலைஞி டீ' என்று அனுப்பிவிடாதே.

அப்பா போகிற போக்கில் இன்னொன்று சொல்லிவிட்டுப் போனார். "இப்ப நெழலு வடக்கால தள்ளி உழுகுது. சித்திரை பொறந்து நாலஞ்சு நாள்ல மரத்தடியிலயே நின்னுக்கும், அப்ப போட்டீன்னா செரியா இருக்கும்." நான் அசந்துவிட்டேன். போய்த் தேடிப் பார்த்தால் அவர் சொன்னது அச்சு அசல். கோயமுத்தூர், காங்கேயம் எல்லாம் ஏறத்தாழ 11 டிகிரி வடக்கில் இருக்கின்றன, வடக்கே ஏறிவருகிற சூரியன் ஏப்ரல் 18, 19 வாக்கில் நமக்கு நேர் உச்சிக்கு வருகிறது. அந்த ஒரு நேரம் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. திரும்பிப் போகும்போது ஆகஸ்டில் இன்னொரு முறை. உங்கள் பெங்களூருக்கு ஏப்ரல் 24 வாக்கில். அதுவும் கடிகாரத்துப் பன்னிரண்டுக்கு இல்லை. நம் நேரத்தைக் கணக்கிடுகிற 82½ டிகிரிக் கோட்டுக்கு நாம் மேற்கே இருக்கிறோம், அதனால் காங்கேயத்தில் பன்னிரண்டு இருபது வாக்கில்தான் உச்சி. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன், "அதான் நாஞ்சொன்னனே" என்று கட்டுத்தறிக்குப் போய்விட்டார்.

ஆக, கேட்க வந்தது இது. கடைசிப் படத்துக்கு அந்த நாளில், அந்த நேரத்தில், கொரங்காட்டு நடுவில் ஒரு ஆள் நிற்க வேண்டும். மரம் இல்லாத இடம், வெறுங்காலில்லை, செருப்பு போட்டுக்கொள்ளலாம். உச்சிக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், மொத்தம் அரை மணி நேரம் ஆடாமல் நின்றால் போதும், நிறக் குறிப்பு எடுத்துக்கொள்வேன், மீதியை நிழலில் முடிப்பேன். மூக்குத்தியைக் கேட்டேன், கறுத்துப்போவேன் என்கிறாள். ஆடாமல் நிற்பதில் உன்னைவிட்டால் யார், ஆண்டுவிழாவில் பாரதமாதாவாக நின்றபோது மைக் செட்டே சரிந்து விழுந்தும் அசையாதவள் இல்லையா நீ. சித்திரைக் கனிக்கு எப்படியும் ஊருக்கு வருவாய், நாலு நாள் லீவை நீட்டு. உன் மேனேஜரிடம் வானியல் காரணம் என்று சொல்.

வெளிர்நிறச் சீலை கட்டிக்கொண்டு வா, பூப்போட்டது வேண்டாம். அப்போதுதான் மண்ணின் சிவப்பு கொசுவத்தில் ஏறுவது தெரியும். வெயில் கண்ணாடி போட விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். நின்று முடித்ததும் கம்மங்கூழ் உண்டு, தெளுவு கிடைத்தால் அதுவும் வாங்கி வைக்கச் சொல்கிறேன், சாயங்காலம் ஆத்தா உனக்கென்று ஒப்புட்டு சுடும். டிக்கெட் போட்டுவிட்டு உடனே எழுது. 'பார்க்கலாம்' என்று எழுதினால் நேரே உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, பெங்களூரில் நீ முடி வெட்டிக்கொண்ட விஷயத்தைச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மூணாம் பெஞ்சுக்காரி

பி.கு.: ஸ்கெட்ச் புத்தகம் பெங்களூரில் மலிவாகக் கிடைத்தால் இரண்டு வாங்கி வா. காசு அப்புறம் தருகிறேன், போன தடவைக் காசோடு சேர்த்து.