கைக்குப் பழக்கம் வேண்டும்: தீப் பாதுகாப்புச் செய்முறைப் பயிற்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து மக்களுக்கும், கோவை, திருப்பூர், வளைகுடா என்று பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சென்ற மார்கழியில் நம் தெருவில் ஒரு வீட்டில் முறுக்குச் சட்டி தீப்பிடித்தது. பதறிப்போன அந்த அக்கா ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார். கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைத் தூக்கி வீசியது. நல்லவேளை, முழங்கை வெந்ததோடு போயிற்று. பரணில் கிடந்த காய்ந்த மட்டையில் ஒரு பொறி விழுந்திருந்தால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் அந்த நாளில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. "தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கை கேட்கவில்லை" என்றார் அக்கா.

இரண்டு வருடங்களுக்கு முன் வாசகசாலையில் ஒரு கூட்டம் நடத்தினோம். மலையாளத்தில் நல்ல உரை, மலையாளத்தில் துண்டறிக்கை, சூடான வடை. வடை மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நம் பெரியவர்களிடம் அந்தத் தாளைக் கொடுத்தது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறோம்.

இந்த முறை பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், எட்டு இடங்கள். தீயணைப்பு வீரர்களை உடன் வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் இரும்புத் தட்டில் எண்ணெய்த் தீ மூட்டுவோம். வருகிற ஒவ்வொருவரும் அதை அணைக்க வேண்டும். வேடிக்கை பார்க்க மட்டும் இடமில்லை. ஈரச் சாக்கைச் சொட்டாமல் பிழிந்து, இரு முனைகளையும் கையின் மேல் மடித்துக்கொண்டு, நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக மெல்லப் போர்த்த வேண்டும். போர்த்தியபின் அணைந்துவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. காற்றுப் பட்டதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒத்திகை பார்த்த எங்கள் குழுவில் மூன்று பேர் தூக்கிப் பார்த்தோம். செயலாளரும் அதில் ஒருவர்.

அடுத்தது சமையல் கேஸ். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-ஐ அழைக்க வேண்டும். தீப்பற்றிவிட்டால் தீயணைப்புத் துறையின் 101. கசிவு இருக்கிறதா என்று தீக்குச்சி உரசிப் பார்க்கும் மாமாக்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் சோப்பு நுரைக் கிண்ணத்தைக் கொடுத்துக் குழாயில் தடவிப் பார்க்கச் சொல்வோம். தீக்காயத்துக்குப் பற்பசையும் இங்க்கும் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் போதும் என்பதையும் அங்கேயே காட்டுவோம்.

செலவு இது. தீயணைக்கும் சிலிண்டர் நான்கு, 8,000 ரூபாய். ஒரு சிலிண்டரில் இருக்கும் பவுடர் சில விநாடிகளில் தீர்ந்துபோகும் என்பதால், எட்டு வாரமும் மறுபடி நிரப்ப 16,000. தீப்போர்வை இரண்டு, 2,000. குழாய் விரிசல் விட்டும் மாற்ற வசதியில்லாத 60 வீடுகளுக்குப் புதிய கேஸ் குழாய், 12,000. ஆக 38,000 ரூபாய். குழு உறுப்பினர்கள் 9,000 போட்டிருக்கிறோம். மீதி 29,000 உங்களிடம் கேட்கிறோம். தேநீர்ச் செலவு எங்களுடையது.

"பவுடரைக் காற்றில் ஊதுவதற்கா காசு? தெருவுக்கு ஒன்று வாங்கி மாட்டலாமே" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சிலிண்டரின் பாதுகாப்புப் பின்னை உருவாமல் பிடியை அழுத்திவிட்டு, வேலை செய்யவில்லை என்று தூக்கி எறிகிற ஊரில், சுவரில் மாட்டிய சிலிண்டருக்கு ஒட்டடைதான் மிஞ்சும். முதலில் ஒருமுறை ஊதிப் பழகட்டும்.

ஏப்ரல் 14 தீயணைப்பு சேவை நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவு நாள். விஷுவும் வருடப்பிறப்பும் சேர்ந்து வர, வீடுதோறும் எண்ணெய்ச் சட்டி ஏறும் நேரமும் அதுதான். எனவே அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம்.

பணத்தை வாசகசாலையில் மாலை 5 மணிக்கு மேல் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். அயல்கூட்டத்து (குடும்பஸ்ரீ மகளிர் குழு) அக்காமார் வழியாகவும் அனுப்பலாம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவு வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் இருக்கும். பணம் தர இயலாதவர்கள் பழைய சணல் சாக்கு கொடுங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், உருகிவிடும்.

இப்படிக்கு,
வாசகசாலைக் குழுவினர்