முழங்கால் வலிக்கிறவர்கள் படியேறி வருகிறோம்

எங்கள் கூடைப்பந்து அணியின் உரிமையாளர், பொது மேலாளர், தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சீசன் முடிந்துவிட்டது. கணக்கு உங்களிடமே இருக்கிறது. 82 ஆட்டங்களில் வென்றதை எண்ணக் கைவிரலும் கால்விரலும் தாராளமாகப் போதும். ஆனால் தோற்றதற்காக இந்த மடலை எழுதவில்லை. இந்த அணியோடு பல வருடம் குப்பை கொட்டியவனுக்குத் தோல்வி ஒரு செய்தியே அல்ல. மார்ச் மாதம் ஒரு ராத்திரி நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அன்றைக்கு அம்மாவை அரங்கத்துக்கு அழைத்து வந்திருந்தேன். எழுபதைத் தாண்டியவர். என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். ஷாட் கிளாக் (பந்தை எறிய மிச்சமிருக்கும் நொடிகளைக் காட்டும் கடிகாரம்) ஐந்துக்கு இறங்கினால் போதும், "போடுடா, போடுடா" என்று ஆரம்பித்துவிடுவார். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் நம் பாயின்ட் கார்டு என்றால் அவருக்கு உயிர். அவனை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சீசன் தொடங்கியதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். (வீட்டில் அவன், இவன் என்றே பேசிப் பழகிவிட்டோம். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.)

எங்கள் வசதிக்குக் கட்டுப்படியானது மேல் அடுக்கு டிக்கெட். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த மடல் வழியாக என் நன்றி. மூச்சு வாங்க உட்கார்ந்த ஓரிடத்திலிருந்து கீழே களம் தெரிந்தது. அங்கே அவன் எகிறி எகிறிப் பந்தைக் கூடைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். "வந்துட்டான் பாரு" என்றார் அம்மா. மீதிப் படிகளைக் கொஞ்சம் வேகமாகவே ஏறினார்.

இருக்கைக்குப் போய்ச் சேர்ந்ததும் பெரிய திரையில் தொடக்க ஐவரின் பெயர் வந்தது. அவன் பெயர் இல்லை. போனைப் பார்த்தேன். ஆட மாட்டார், காரணம், முழங்கால் பராமரிப்பு.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்குள் காயப் பட்டியல் தர வேண்டும் என்பது லீக் விதி. முந்தின நாள் நீங்கள் கொடுத்த பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஒரே ராத்திரியில் வந்து, எகிறிக் குதிக்கும்போது மட்டும் வலிக்காமல் இருக்கும் முழங்கால் வலியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அம்மாவும் கேள்விப்பட்டதில்லை. இந்த விஷயத்தில் அவர் அனுபவஸ்தர்.

சரி, அவன் இல்லாமலேயே நம் பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். கடைசிக் குவாட்டரில் ஆறு நிமிடம் இருக்கும்போது இரண்டு புள்ளிதான் வித்தியாசம். அப்போது பார்த்து, அதுவரை ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பும் பந்தை) அள்ளிக்கொண்டிருந்த சென்டரை, அந்த நெட்டை வீரரை, வெளியே கூப்பிட்டீர்கள். திரும்ப அனுப்பவே இல்லை. பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்த பையன்கள் உள்ளே போனார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. உயிரைக் கொடுத்து ஓடினார்கள். பயிற்சியாளர் அவர்கள் மட்டும் களத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிரணி ஒரு மூன்று புள்ளி போட்டது. எங்களுக்குப் பின்வரிசையிலிருந்து கைதட்டல் கேட்டது. அம்மா திரும்பிப் பார்த்தார். நம் அணியின் சட்டை போட்ட மனிதர்.

"ஏன்டா, அவரு நம்ம ஆளுதானே?"

அணிகள் முறைவைத்துப் புது இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்ட், அதில் முதல் தேர்வு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கும் லாட்டரி, தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனால் அதில் கூடும் வாய்ப்பு என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாம எந்தப் பக்கம் கத்தணும்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அதன் பிறகு ஆட்டம் முடிகிற வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐயா, என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஆடத் தெம்பு இருப்பவர்களை ஆட விடுங்கள்.

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. கடைசியில் நிற்கும் அணிக்கு நல்ல இளம் வீரர் கிடைப்பார், இன்றைக்குத் தோற்றால் நாளைக்கு ஜெயிக்கலாம் என்கிறீர்கள். 2019இல் விதியை மாற்றியதிலிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு ஆளுக்கு 14 சதவீதம்தான். ஆயிரம் சீட்டில் 140 உங்கள் கையில், மீதி 860 ஊரார் கையில். 2019 முதல் 2025 வரை நடந்த ஏழு லாட்டரிகளில் ஒன்றில்கூடக் கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு விழவில்லை. டெட்ராய்ட் 2023லும் 2024லும் கடைசி. இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாம் தேர்வு. 2025இல் யூட்டா கடைசி. அவர்களுக்கும் ஐந்தாம் தேர்வே. அந்த வருடம் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃபிளாக் யாருக்குப் போனார்? ஆயிரத்தில் 18 சீட்டு மட்டும் வைத்திருந்த டல்லஸுக்கு. நமக்கும் முதல் தேர்வு விழவில்லை. ஒரு சீசனையே அடகு வைத்து வாங்கிய சீட்டு அது.

பொறுமை வேண்டும் என்பீர்கள். பிலடெல்பியாவின் பொறுமையையும் பார்த்தோம். 2013இலிருந்து மூன்று சீசன்களில் 19, 18, 10 என்று வெற்றி கண்டார்கள். அவ்வளவு தவத்துக்குப் பிறகும் 2025 வரை ஒரு தடவைகூடக் கான்ஃபரன்ஸ் இறுதிக்கு (கோப்பைக்கான இறுதிக்கு முந்தின சுற்றுக்கு) போகவில்லை. டென்வருக்கு 2023இல் கோப்பை வாங்கித் தந்த யோகிச், 2014 டிராஃப்டில் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவரைப் பிடிக்க யாரும் தோற்க வேண்டியிருக்கவில்லை, கண் இருந்தால் போதுமாக இருந்தது.

ஓக்லஹோமா சிட்டியைக் காட்டுவீர்கள், தெரியும். நியாயமான உதாரணம்தான். இரண்டு சீசன் அடிமட்டத்தில் கிடந்துவிட்டு 2025இல் சாம்பியன் ஆனார்கள். இரண்டாவது தேர்வில் ஹோம்கிரனும் கிடைத்தார். ஆனால் அந்த அணியின் முதுகெலும்பான கில்ஜியஸ் அலெக்சாண்டர் டிரேடில் (வேறு அணியோடு செய்த வீரர் பரிமாற்றத்தில்) வந்தவர், டிராஃப்டில் 11ஆவது ஆள். ஜேலன் வில்லியம்ஸ் 12ஆவது ஆள். தோற்றதால் மட்டும் அவர்கள் ஜெயிக்கவில்லை.

டெட்ராய்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023-24இல் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றார்கள். ஒரே சீசனில் அப்படித் தோற்றவர்கள் வேறு யாரும் இல்லை. அணியை விற்றுவிடு என்று சொந்த ரசிகர்களே அரங்கத்தில் கோஷம் போட்டார்கள். ஆனால் 27ஆவது தோல்வியில் அவர்களுடைய நட்சத்திர வீரர் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளி எடுத்தார். அந்த நிலைமையிலும் அவர் களத்தில் இருந்தார். டிசம்பர் 30 அன்று டொரன்டோவை இரண்டே புள்ளியில் ஜெயித்தபோது, கோப்பையே கிடைத்த மாதிரி கொண்டாடினார்கள். எந்தப் பக்கம் கத்துவது என்று அங்கே யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. அடுத்த சீசனில் 44 வெற்றி. பொறாமையாக இருக்கிறது ஐயா, அவர்களுடைய அந்த 28 தோல்வியைப் பார்த்து.

லீக்கிடம் முறையிடலாம் என்றால் அங்கே அபராதம் ஒன்றுதான் மருந்து. 2023இல் டல்லஸுக்கு ஏழரை லட்சம் டாலர், 2025இல் யூட்டாவுக்கு ஒரு லட்சம். 2025-26இலிருந்து 11 வருடத்துக்குச் சுமார் 7,600 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டிருக்கும் இடத்தில், ஒரு லட்சம் என்பது வண்டி நிறுத்தும் கட்டணம். கடைசியில் வரும் அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளும் லீக்குகள் உலகத்தில் உண்டு. நம் லீக்கில் தட்டிக்கொடுத்துப் பரிசு வாய்ப்பும் தருகிறார்கள். பள்ளியில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலையே உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "உங்கள் ஆதரவே எங்கள் பலம்" என்று ஆரம்பித்து, அடுத்த சீசன் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்கச் சொன்னது. விலை ஏறியிருந்தது. தோற்பது திட்டம் என்றால் விலையும் திட்டத்துக்கு ஏற்றபடி இறங்க வேண்டாமா? இல்லாவிட்டால் டிக்கெட்டின் மூலையில் "இன்று தோற்க உத்தேசம்" என்று சின்னதாக அச்சடித்துவிடுங்கள். சிகரெட் பெட்டியில் போடுவதில்லையா, அதைப் போல. எதிரணிக்குக் கைதட்ட விரும்புகிறவர்களுக்குத் தனி வரிசைகூட ஒதுக்கலாம், கொஞ்சம் கூடுதல் விலை வைத்து.

எழுத வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

கேட்க வந்தது இதுதான். உண்மையாகவே காயம் பட்டவருக்கு ஓய்வு கொடுங்கள். அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் ஆடத் தெம்பு இருப்பவர்களை ஆட விடுங்கள். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஆறு நிமிடம் இருக்கும்போது, ஜெயிக்க முடிந்த ஐந்து பேரைக் களத்தில் நிறுத்துங்கள். அப்படியும் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறோம். அந்தத் தோல்விக்கு நாங்கள் கைதட்டியே வீட்டுக்குப் போவோம்.

அக்டோபரில் புது சீசன் தொடங்குகிறது. டிக்கெட்டைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அம்மா வருகிறேன் என்றுதான் சொல்கிறார். அவன் ஆடுகிறானா இல்லையா என்பதை மட்டும், தயவுசெய்து, நாங்கள் படியேற ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மேல் அடுக்கு ரசிகன்