நம்பிக்கையான ஆள் தேடுகிறவர்களுக்கு

சொந்த ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அதற்கும் அப்பாலும் இருக்கிற உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஏழு ஆண்டுகளாக நானும் என் மனைவியும் உங்களைப் போன்றவர்களின் வீடுகளில் குடியிருந்து அவற்றைப் பார்த்துக்கொள்கிறோம். நான் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் சின்ன வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஆறு மாதம் ஓரிடம், ஒரு வருடம் ஓரிடம் என்று போய்க்கொண்டிருக்கிறோம். இந்த வேலைக்குத் தமிழில் ஒழுங்கான பெயர்கூட இல்லை. வீட்டுக்காவலில் இருக்கிறோம் என்று சொன்னால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள்! நீங்கள் கேர்டேக்கர் என்று போடுகிறீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எங்களை வாட்ச்மேன் என்கிறார். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

வருத்தம் உங்கள் விளம்பரத்தில்தான். தினசரியின் வரி விளம்பரமோ வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதோ, வாசகம் அநேகமாக ஒன்றுதான்: “பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான, கெட்ட பழக்கம் இல்லாத, பிக்கல் பிடுங்கல் இல்லாத தம்பதி தேவை. தங்குமிடம் இலவசம். மற்றவை நேரில்.” நாங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை. நீங்கள் யார், வீடு யாருடையது, முன்பு இருந்தவர் ஏன் போனார், ஒரு வரி இல்லை. எல்லாம் அந்த ‘மற்றவை நேரில்’ என்பதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை நேரில் போய்த் தெரிந்துகொள்ள நாங்கள் என்ன விலை கொடுத்தோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

காரைக்குடிப் பக்கம் ஒரு ஊர். ஊர்ப்பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் வளவு என்கிற முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள், அப்புறம் இரண்டாம் கட்டு, அடுப்படி. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. போனில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். “சும்மா விளக்கேத்தி வச்சாப் போதும், பெருக்குறதுக்கு ஆள் வருது” என்றார். என் மனைவிக்கு அந்தத் தரையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனி மாதம் போய்ச் சேர்ந்தோம்.

வளவைச் சுற்றியிருந்த அறைகளில் ஒன்றுதான் எங்களுக்கு. மற்றவற்றில் வெவ்வேறு பூட்டு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரே ஆள் வீட்டில் எதற்கு ஏழு விதப் பூட்டு? செட்டிநாட்டில் வீடு என்பது பல பங்காளிகளுக்குப் பொது, கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது குடும்பத்துக்கும், ஓர் அறை என்பது அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களான எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது மாதம் ஒரு நாள் காலையில் இன்னொரு பங்காளி பூட்டு உடைக்கிற ஆளோடு வந்து நின்றார். “யாரைக் கேட்டு உள்ளே இருக்கீங்க?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. அண்ணன் தம்பிகளுக்குள் பங்குத் தகராறு. தம்பி உள்ளே வராமல் இருக்க அண்ணன் எங்களைக் குடிவைத்திருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகப் போவதாக நினைத்துக்கொண்டு, நாங்கள் ஒரு பூட்டாகப் போயிருக்கிறோம்.

காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அங்கே எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “எழுத்து ஏதாவது இருக்கா?” இல்லை. அண்ணன் போனை எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு பெட்டியோடு பஸ் ஏறினோம்.

அதற்கப்புறம் விளம்பரங்களை வேறு கண்ணால் படிக்கிறேன். ‘எந்தப் பிரச்சினையும் இல்லாத வீடு’ என்று யாராவது எழுதியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான் வருகிறது. பிரச்சினை இல்லாதவருக்கு அந்த வாக்கியம் தோன்றவே தோன்றாது. வீட்டு வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்கிறேன். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம், அதையும் பார்க்கிறேன். ஆனால் பரம்பரை வீடுகளில் அதை முழுக்க நம்ப முடியாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு பதிவே செய்யாமல் மூன்று தலைமுறை ஓடியிருக்கும். வில்லங்கம் ஒன்றும் இல்லை என்று தாள் சொல்லும், வாசலில் பூட்டு உடைக்கிற ஆள் நிற்பார். அதனால் இப்போது நேரடியாகவே கேட்டுவிடுகிறேன்: “பங்குக்காரர்கள் எத்தனை பேர்? நாங்கள் வருவது எல்லோருக்கும் தெரியுமா? இன்னொருவரிடமும் ஒரு வார்த்தை பேசலாமா?” இந்தக் கேள்வியோடு பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். நல்லதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே வீட்டின் விளம்பரம் வருவது இன்னொன்று. ஆள் தங்கவில்லை என்றால் ஆளிடம் மட்டுமா கோளாறு இருக்கும்? ஏற்காட்டுப் பக்கம் ஒரு தோட்ட வீடு. ‘அமைதியான இயற்கைச் சூழல்’ என்று போட்டிருந்தது. கடைசிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் என்பதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. ‘சிறு சிறு தோட்ட வேலை’ என்பது இரண்டு நாய், எட்டு ஆடு, காப்பிச் செடிகளுக்குக் களை எடுப்பது, சனி ஞாயிறு வரும் விருந்தாளிகளுக்குச் சமையல். இதற்கெல்லாம் சம்பளம் கேட்டபோது, “வாடகை இல்லாமத்தானே இருக்கீங்க?” என்று பதில் வந்தது. ஐயா, நாங்கள் தங்குவதால் உங்களுக்குக் காவல் கிடைக்கிறது, எங்களுக்குக் கூரை கிடைக்கிறது. அந்தக் கணக்கு அதோடு நேராகிவிட்டது. ஆடு மேய்ப்பது தனிக் கணக்கு. சம்பளம் கொடுக்கிற வேலை என்றால் சம்பளம் இவ்வளவு என்று போடுங்கள். அதற்கு வருகிறவர்கள் வருவார்கள்.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சின்னதாகத் தெரிந்தாலும் மாதாமாதம் உறுத்துவது அதுதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். அதற்கு மேல் போனால் யார் கட்டுவது? உங்கள் மோட்டார் தென்னைக்கு ஓடுவதும் எங்கள் மின்விசிறி ஓடுவதும் ஒரே மீட்டரில்தான் விழுகிறது. ஒரு வீட்டில் நாங்கள் போன நான்காம் நாள் பழைய பாக்கிக்காக ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இப்போதெல்லாம் கடைசியாகக் கட்டிய ரசீதைப் பார்க்காமல் பெட்டியைத் திறப்பதில்லை.

உங்கள் பக்கத்துப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நம்பி விட்டுப்போன வீட்டில் நிலைக்கதவையே கழற்றி விற்றவர்கள் இருக்கிறார்கள். காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் ‘எழுதிக் கொடுத்தால் உரிமை கொண்டாடுவான்’ என்று எதையும் எழுத மறுக்கிறீர்கள். பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு அவர்களுக்கே போய்விடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு என்று இருப்பது உண்மை. ஆனால் அது உரிமையாளரை எதிர்த்து, என்னுடையது என்று சொல்லி அனுபவிக்கிறவருக்கு. உங்கள் சார்பில், உங்கள் அனுமதியோடு இருக்கிறவருக்கு அல்ல. கோவாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வீட்டு வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: பராமரிப்பாளர், காவலாளி, வேலைக்காரர் எத்தனை காலம் இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை பெற முடியாது, உரிமையாளர் கேட்டால் ஒப்படைக்க வேண்டும்.

அப்படியென்றால், நாங்கள் பராமரிப்பாளர்கள்தான், வாடகைக்காரர்கள் அல்ல என்று சொல்லும் ஒரு தாள் முதலில் யாரைக் காப்பாற்றும்? உங்களைத்தான். தாளே இல்லாதபோதுதான் ஒருவர் பின்னால், நான் வாடகை கொடுத்தேன், வாய்மொழியாக விற்றார் என்று கதை கட்ட இடம் கிடைக்கிறது. எங்களுக்கும் அந்தத் தாள் வேண்டும். நடுராத்திரியில் யாராவது வந்து கேட்டால் காட்ட, ஒரு பித்தளை அண்டாவைக் காணவில்லை என்றால் நாங்கள் வரும்போதே அது இருந்ததா என்று பார்க்க.

தாள் என்றதும் சிலர் வேறு தாளை நீட்டுகிறார்கள். ஒன்றும் எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து, தொகை போடாத காசோலை, ஆதார் அட்டையின் அசலை அவர்களிடம் விட்டுவைப்பது. இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் நாங்கள் எழுந்து வந்துவிடுவோம். அடையாளத்துக்கு நகல் தருகிறோம், உள்ளூர்க் காவல் நிலையத்தில் எங்கள் விவரம் கொடுத்து வைத்தால் சந்தோஷம்தான். ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறவர் அதில் என்ன எழுதுவார் என்று யோசிக்கிற வயது எங்களுக்கு வந்துவிட்டது.

இதில் வீடே இல்லாத விளம்பரங்களும் உண்டு, அவற்றை எழுதுகிறவர்கள் இந்த மடலைப் படிக்கப்போவதில்லை. ஆனால் அவர்களால் உங்கள் பெயரும் கெடுகிறது என்பதால் சொல்கிறேன். ஏதோ ஒரு விற்பனை விளம்பரத்திலிருந்து எடுத்த அழகான படம், நம்ப முடியாத சம்பளம், ராணுவத்தில் இருக்கிறேன், வெளிநாட்டில் இருக்கிறேன், வீட்டைக் காட்ட முடியாது, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே முன்பணம் போடுங்கள். என் நண்பர் ஒருவருக்கு, “உங்கள் முதல் மாதச் சம்பளம், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்” என்று கியூஆர் கோடு வந்தது. பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையே இல்லை, போட்டால் நம் பணம்தான் போகும். அவருக்குப் பதினோராயிரம் போனது. இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும் என்பதுகூட அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. நிஜமாகவே வெளிநாட்டில் இருக்கிற உரிமையாளரானால், ஊரில் சாவி வைத்திருக்கும் ஒருவரை வைத்து வீட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீடியோவில் வாசலிலிருந்து கிணற்றடி வரை நடந்து காட்டினாலும் போதும்.

கேமரா. வாசலில், தோட்டத்தில், பின்கட்டில் வையுங்கள், நல்லது. எங்களுக்கும் பாதுகாப்பு. நாங்கள் படுக்கிற கூடத்தில், சொல்லாமல் வைக்காதீர்கள். சென்னைக்கு வெளியே ஓர் அடுக்குமாடி வீட்டில் பதினேழாம் நாள் உரிமையாளர் போன் செய்து, “அம்மா மத்தியானம் சோபாவில் படுக்கிறாங்க போல” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

இவ்வளவு புலம்பினேன், நல்லவர்களைச் சொல்லாமல் விடக் கூடாது. கும்பகோணம் பக்கம் ஓர் ஓட்டு வீடு. அமெரிக்காவில் இருக்கும் அந்த அம்மா விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்: பின்கட்டில் மழை ஒழுகும், குரங்குத் தொல்லை உண்டு, கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகாது, தை மாதம் நாங்கள் பத்து நாள் வருவோம், அப்போது மாடி அறைக்கு மாறிக்கொள்ள வேண்டும். முன்பு இருந்தவரின் போன் எண்ணையும் அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டே கொடுத்தார். ஐப்பசிக்கு முன்பே ஓடு மாற்றப் பத்தாயிரம் அனுப்பி வைத்து, “மூவாயிரத்துக்குள் என்றால் என்னைக் கேட்க வேண்டாம், செய்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார். குறையெல்லாம் எழுதியிருந்த அந்த வீட்டுக்குத்தான் நாங்கள் யோசிக்காமல் சரி சொன்னோம். பதினான்கு மாதம் இருந்தோம். ஒழுகுகிற இடத்தில் அண்டா வைப்பது என் வேலை. குரங்குகளை மனைவி பார்த்துக்கொண்டார்.

பூட்டிய அறை இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் எழுதுங்கள். ஒரு வீட்டில் பூட்டிய அறைக்குள் மழை இறங்கியது, சாவி மலேசியாவில் இருந்தது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியே வர, சாக்கை வைத்து அடைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பெட்டிக்குள் பழைய பத்திரங்கள் இருந்தனவாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் இப்போது இருக்கும் வீட்டின் பிள்ளைகள் சித்திரையில் திரும்பி வருகிறார்கள். வைகாசியிலிருந்து இருவரும் சும்மாதான் இருப்போம். சர்க்கரை மாத்திரை வாங்க நடக்கிற தூரத்தில் ஒரு மருந்துக் கடை இருந்தால் போதும். நாய் இருந்தால் அது என்ன சாப்பிடும், யாரைக் கடித்திருக்கிறது என்பதையும் விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அடுத்தவர் வீட்டு விளக்கை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவன்