மாசி மாதத்துப் பச்சை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் முதுமலையின் செயற்கைக்கோள் படங்கள் இரண்டை அருகருகே வெளியிட்டு, ‘கோடையிலும் பசுமை கூடியிருக்கிறது, காடு தேறி வருகிறது’ என்று அடியில் எழுதியிருந்தீர்கள். படங்கள் பிப்ரவரி மாதத்தவை. முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு என்பது தாங்கள் அறியாததல்ல. இலையைக் கொட்ட வேண்டிய மாசியில் காடு பச்சையாகத் தெரிந்தால், மகிழ்வதற்கு முன் அந்தப் பச்சை யாருடையது என்று கேட்டிருக்கலாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது, காட்டுத் தரையில் புதராக மண்டும் உண்ணிச்செடியை (லாண்டானா).

தேக்கு, வெக்காலி, கருமருது, வெண்தேக்கு எல்லாம் மண்ணின் ஈரம் இறங்க இறங்க, அததன் வேராழத்துக்கும் தண்டில் தேக்கும் நீருக்கும் ஏற்ப முன்னும் பின்னுமாக இலை உதிர்ப்பவை. கிளை வெறுமையானதும் வெயில் தரைக்கு வருகிறது. அங்கே உண்ணிச்செடி, கொஞ்சம் ஈரம் இருக்கும்வரை இலையை விடாது. ஒரு கோடைமழை விழுந்தால் உடனே துளிர்த்தும்விடும். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு மரமும் புதரும் ஒன்றுதான். சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பும் எவ்வளவு திரும்பி வந்தன என்பதை வைத்தே பசுமை எண்ணைக் கணக்கிடுகிறார்கள். செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவியின் படத்தில் ஒரு கட்டம் 250 மீட்டருக்கு 250 மீட்டர், அதாவது ஆறேகால் ஹெக்டேர். அதற்குள் நிற்கும் அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. உதாரணத்துக்கு, பசுமை எண் கோடையில் 0.3, மழைக்குப் பின் 0.8 என்று வைத்துக்கொள்வோம். 0.5ஐத் தாண்டும் நாளே துளிர்க்கும் நாள் என்று ஒருவர் கோடு போடுகிறார். புதர் மண்டி அந்தக் கோடை எண் 0.3இலிருந்து 0.45 ஆகிவிட்டால், மரங்கள் பழைய நாளிலேயே துளிர்த்தாலும் கணக்கில் நாள் முந்திவிடும். அப்போது ‘காலநிலை மாற்றத்தால் வசந்தம் முந்துகிறது’ என்று நீங்களே எட்டுப் பத்திச் செய்தி போடுவீர்கள். காலநிலை மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே நிற்பது எது என்று பார்க்காமல் பழியை வானத்தின்மேல் போட முடியாது என்கிறேன். பல இனங்கள் கலந்த காட்டில், பசுமை எண்ணை நாள்வாரியாக வரைந்தால் வரும் வளைகோடு மெல்ல இறங்கி மெல்ல ஏறும், ஒன்று உதிர்க்கும்போது மற்றொன்று வைத்திருப்பதால். தேக்குத் தோட்டத்தில் சரேலென்று விழும். மழை அதே மழைதான்.

‘மழை வந்தது, காடு துளிர்த்தது’ என்பது உங்கள் பத்திரிகை ஆண்டுதோறும் ஜூனில் அச்சிடும் வாக்கியம். இலை விழுந்ததும் நீர் ஆவியாகிப் போவது குறைந்து, தண்டில் மீண்டும் நீரேறி, பல மரங்கள் பருவமழைக்கு முன்னரே துளிர்த்துவிடுகின்றன. முதுமலையிலேயே சூழலியலாளர்கள் முரளியும் சுகுமாரும் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது: முந்தித் துளிர்த்தவற்றின் இலைகளைப் பூச்சிகள் குறைவாகவே தின்றிருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது உங்கள் அலுவலகத்தை எட்டவில்லை போலும்.

சிறுவர் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘இலையுதிர் காலம்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை’ என்று மேப்பிள் இலைப் படத்தோடு போட்டீர்கள். நம் ஊர் வேம்பு உதிர்ப்பது பின்பனியில், மாசி பங்குனியில். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ தருகிறதே, அதே வேம்பு. ஆறு பருவமும் பெயரோடு வைத்திருந்த மொழியில் நடக்கும் பத்திரிகைக்கு ஐரோப்பாவின் நாட்காட்டி எதற்கு?

கொன்றை ஜனவரியில் பூத்தால் ‘மரங்கள் குழம்பின’ என்று ஒற்றை மரத்தின் படம் வருகிறது. அந்த மரத்தடியில் கழிவுநீர் ஓடுகிறதா, இரவு முழுக்கத் தெருவிளக்கு எரிகிறதா என்று நிருபர் பார்ப்பதில்லை. இரண்டுமே இலையும் பூவும் வரும் நாளை மாற்றக் கூடியவை. ஓர் இனத்துக்குப் பத்து மரமாவது குறித்துவைத்து, வாரம் ஒருமுறை அதே கிழமையில், தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றும் ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று எழுத வேண்டும். ‘இல்லை’ என்பதையும் எழுத வேண்டும். அதை விட்டால் பூ தொடங்கிய நாள் தெரியாது. சில ஆண்டு சேர்ந்த பிறகுதான் முந்தியதா பிந்தியதா என்ற பேச்சே. 2010இல் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் இப்படி வாரந்தோறும் மரம் பார்த்து எழுதுகிறார்கள். ஆகவே முடியாத வேலை ஒன்றுமில்லை.

இத்தனை எழுதிவிட்டுக் கேட்பது சின்ன விஷயம்தான். காட்டின் படம் போடும்போது மாதமும், கிழக்கே மாயாற்றுப் பக்கமா மேற்கே கூடலூர்ப் பக்கமா என்பதும், தெரிந்தால் மரத்தின் பெயரும் அடியில் ஒரு வரியாக வரட்டும். மலைமறைவான கிழக்கில் ஆண்டு மழை மேற்கில் பெய்வதில் பாதிகூட இல்லாத இடங்கள் உண்டு. சிறுவர் பக்கத்துத் திருத்தம், இடம் இருந்தால்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மசினகுடி.