புதுச்சேரியில் தேசிய சமகாலக் கலை அருங்காட்சியகம் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலர் அவர்கள்,
கலை மற்றும் பண்பாட்டுத் துறை,
புதுச்சேரி அரசு.

பொருள்: தனியார் நன்கொடையோடு தேசியக் கலை அருங்காட்சியகம் அமைத்தல், அதன் பராமரிப்புக்கு வைப்பு நிதி ஏற்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 31 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தவன் நான். என்னிடம் படித்த சிலர் பாரதியார் பல்கலைக்கூடத்தில் சேர்ந்து ஓவியர்களாக வெளியே வந்திருக்கிறார்கள். இந்த நாட்டின் நவீன ஓவியங்களை நேரில் பார்க்க அவர்கள் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. தேசிய நவீன கலைக்கூடம் டெல்லியில் 1954-லும், மும்பையில் 1996-லும், பெங்களூரில் 2009-லும் திறக்கப்பட்டது. தமிழ் பேசும் ஊர் எதற்கும் அது வரவில்லை. நான்காவது கூடத்தைப் புதுச்சேரிக்குத் தரும்படி மத்திய பண்பாட்டு அமைச்சகத்துக்குத் தங்கள் துறை எழுத வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

சரி, பணம்? கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் விக்டோரியா தேசிய கலைக்கூடத்தின் புதிய சமகாலக் கலைக் கட்டடத்துக்கு ஃபாக்ஸ் குடும்பம் 2022-ல் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாக அறிவித்தது. பெங்களூரிலேயே தனியார் முயற்சியில் எழுந்த கலை, புகைப்பட அருங்காட்சியகம் 2023-ல் திறக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கலையும் பண்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் ஊருக்கும் இது புதிதல்ல. கலவை சுப்புராய செட்டியார் கொடுத்ததால் இங்கே கலவைக் கல்லூரி என்று பெயர் பெற்ற பள்ளி வந்தது.

ஆனால் நன்கொடையாளர்கள் கட்டடத்துக்குத்தான் மனமுவந்து கொடுப்பார்கள். பெயர்ப்பலகை அங்கேதானே இருக்கும்! கட்டிய பிறகு கரண்ட் பில்லுக்கும் ஈரம் உறிஞ்சும் கருவிக்கும் யாரும் பெயர் போட்டுக் கொடுப்பதில்லை. இது கடலோர ஊர். உப்புக்காற்று ஆணியை அரிக்கும், ஈரம் கேன்வாஸில் பூஞ்சையாகப் பூக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, நான் வேலை பார்த்த பள்ளியின் ஓவிய அறைக் கூரை பிய்ந்தது. பிள்ளைகள் பல ஆண்டுகளாக வரைந்தவற்றைக் கட்டுக்கட்டாக அங்கேதான் அடுக்கி வைத்திருந்தேன். மறுநாள் அத்தனையும் கூழ். அந்தக் கூழை நானே வாரிப் போட்டேன். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: வரும் ஒவ்வொரு நன்கொடையிலும் பாதியைத் தொட முடியாத வைப்பு நிதியாக்கி, அதன் வட்டியில் பராமரிப்பும் படைப்பு வாங்குவதும் நடக்கும்படி முதலிலேயே விதி செய்யுங்கள். அதே மெல்போர்ன் கலைக்கூடத்துக்கு ஆல்ஃப்ரெட் ஃபெல்ட்டன் என்ற மருந்து வியாபாரி உயில் எழுதிவிட்டு 1904-ல் இறந்தார். அசலைத் தொடாமல், வரும் வருமானத்தின் ஒரு பாதியில் கலைப்படைப்பு வாங்கச் சொன்னார். நூறு ஆண்டு தாண்டியும் அந்தப் பணம் வாங்கிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம், பணம் கொடுத்தவர் பெயர் வாசலில் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் குழுவில் அவர் உட்காரக் கூடாது. எந்த ஓவியரின் படைப்புகளைத் தன் வீட்டில் சேர்த்து வைத்திருக்கிறாரோ, அவருடையதையே அருங்காட்சியகமும் வாங்கினால், வீட்டுச் சுவரில் தொங்குவதற்கும் விலை ஏறும். குழுவில் ஓவியர்கள், பல்கலைக்கூட ஆசிரியர்கள், ஓவியங்கள் கெடாமல் பாதுகாக்கும் நிபுணர்கள் இருக்கட்டும். வில்லியனூர் சுடுமண் கைவினைஞர் ஒருவருக்கும் இடம் வேண்டும். அவர் செய்வதும் இந்தக் காலத்துக் கலைதான்.

இடத்துக்கு, மூடிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. துணி ஆலையின் ஒரு பகுதியைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். என் அப்பா அங்கே தறி ஓட்டினார். அந்த ஆலை வேலை கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் கட்டணமில்லாமல் உள்ளே வர வேண்டும்.

நேரில் வந்து விளக்க அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்