இல்லாத காலின் உழைவு: வடக்கின் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். முறைப்பாட்டை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைப் பார்க்கிற இளம் டொக்டர், தலையில் காந்தத் துடிப்புக் கொடுக்கும் சிகிச்சையை எனக்கும் செய்து பார்க்கலாம் என்று எழுதித் தந்த துண்டோடு மேலே போனேன். அங்கே இருந்தவர் துண்டை வாசித்தார். என் பொய்க்காலைப் பார்த்தார். "இல்லாத காலுக்கு என்னத்துக்கு மிசின்?" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2010 இல் மீளக் குடியேறிய கையோடு, வேலிக்கு அலம்பல் வெட்டப் போன இடத்தில் மிதிவெடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. காயம் ஆறி, பொய்க்கால் போட்டு, இப்போது சைக்கிளும் ஓடுகிறேன். ஆனால் அந்தப் பாதம் என்னை விட்டுப் போகவில்லை. இரவு ஒன்று, ஒன்றரைக்குப் பெருவிரல் பின்பக்கமாக மடங்கும். மடங்கியபடியே நிற்கும். நிமிர்த்தலாம் என்றால் விரல் எங்கே? கொதிதண்ணீர் ஊற்றினதுபோல உள்ளங்கால் எரியும். மனைவி எழும்பி, கால் கிடக்க வேண்டிய இடத்தில் பாயைப் பிடித்துவிடுவார். வெறும் பாயை. "இன்னும் கொஞ்சம் கீழே" என்பேன், அவரும் கையைக் கீழே நகர்த்துவார். சில நாள் அதிலேயே உழைவு குறையும். ஏன் குறைகிறது என்று நாங்கள் ஆளையாள் கேட்டதில்லை. ஒருநாள் சின்ன மகள் எழும்பி இதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று அழத் தொடங்கிவிட்டாள்.

கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பார்த்த சைலஸ் வியர் மிச்செல் என்ற வைத்தியர் 1871 இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார். 1990களில், இருக்கிற உறுப்பின் பிம்பத்தை இல்லாத உறுப்புப்போலக் காட்டும் கண்ணாடி வைத்து இந்த நோவைக் குறைக்க வழி காட்டியவர் வி. எஸ். ராமச்சந்திரன், ஒரு தமிழர். அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி நானும் செய்து பார்த்தேன், ஒரு மாதம் பரவாயில்லை, அப்புறம் பழையபடிதான். நீங்கள் தரும் கபாபென்டின் என்ற நரம்பு நோ மருந்தைப் போட்டால் பகலிலும் தூங்கி விழுகிறேன்.

காந்தத் துடிப்பு ஒன்றும் மந்திரமில்லை. 1985 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் கூட்டாளிகளும் செய்து காட்டியது. தலையில் ஒரு சுருளை வைத்து, மயக்காமல், மண்டையைத் திறக்காமல் மூளையைத் தூண்டுவது. அமெரிக்காவில் 2008 இல் மனச்சோர்வுக்கு அனுமதித்தார்கள். அது என் நோவுக்குக் கொடுத்த அனுமதியல்ல என்பதும் தெரியும். ஆனால் கொலம்பியாவில், என்னைப்போல மிதிவெடியில் உறுப்பிழந்த 54 பேருக்கு இதைச் செய்து பார்த்து 2016 இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 20 நிமிடம், இரண்டு கிழமையில் 10 நாள். சிகிச்சை முடிந்து 15 நாள் கழித்துக் கேட்டபோது உண்மைத் துடிப்புப் பெற்ற 27 பேரில் 19 பேருக்கு நோவு நன்றாகக் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கொடுப்பதுபோலப் பாவனை செய்த போலித் துடிப்புப் பெற்ற மற்றவர்களில் அப்படி 11 பேர். 30 நாளில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது.

தேய்ந்துவிட்டதே, பிறகு எதற்கு என்பீர்கள். அதனால்தான் கிட்டக் கேட்கிறேன். பத்து நாளும் போக வேண்டிய, திரும்பத் திரும்பத் தேவைப்படக்கூடிய சிகிச்சைக்குக் கொழும்பில் அறை எடுத்துத் தங்க என்னால் முடியாது. வடக்கில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு மிசினும், அதை இயக்கப் பழகிய இரண்டு பேரும் வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தலைக்குள் உலோகத் துண்டு இருப்பவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது. போரில் பாய்ந்த எறிகணைத் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், முதலில் எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆக வேண்டும். வலிப்பு வந்தவர்களையும் விசாரிக்க வேண்டும். எனக்கு இருக்கிற துண்டு தொடையில்.

பொய்க்கால் கொடுக்கிற அன்று எத்தனை பேர் வருகிறீர்கள்! பந்தல், மாலை, மங்கள விளக்கு. காலை நீட்டச் சொல்லிப் படமும் எடுக்கிறீர்கள். இருக்கிற பொய்க்காலுக்கு இவ்வளவு மரியாதை. இல்லாத கால் படத்தில் விழாதுதானே, அதனால் அதற்குப் பட்ஜெட்டும் இல்லை. சுவருக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் வருசா வருசம் எங்கிருந்தோ காசு வந்துவிடுகிறது.

சரி, கொஞ்சம் கூடத்தான் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். அந்த இளம் டொக்டர் மேல் கோபப்படாதீர்கள். பதினைந்து வருசத்தில் "எந்த விரல் நோகுது?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஒரு மிசின், பழகிய இரண்டு பேர், வடக்கில் ஒரு இடம். தயவுசெய்து பரிசீலியுங்கள். முடியாது என்றாலும் காரணத்தை எழுத்தில் தாருங்கள். பதிலைத் தமிழில் அனுப்பினால் பெரிய உதவி. போனமுறை வந்த சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி இரண்டு நாள் அலைந்தேன், ஒற்றைக் காலோடு.

இப்படிக்கு,
கிளினிக் கொப்பியில் "இடது கால், முழங்காலுக்குக் கீழ்" என்று நீங்கள் குறித்து வைத்திருப்பவன்