நின்னுகோரி நம்ம ஊர்க்காரர் போட்டது தாயி

தாயி,

நேத்து வீடியோ கால்ல பாப்பா நின்னுகோரி வர்ணம், அதான் கச்சேரி தொடக்கத்துல பாடற உருப்படி, பாடிக் காட்டுனா பாரு, வேகத்த ரெட்டிச்சு பாடற ரெண்டாங் காலம் வந்ததும் தாளம் ஓடப் பாத்துச்சு, நீ பக்கத்துல உக்காந்து தொடையில தட்டி இழுத்துப் புடிச்ச. அதுல இருந்து எனக்கு வேற வேலையே ஓடல. போன்ல சொன்னா சரிப்பா சரிப்பான்னு வச்சிருவ, அதான் டைப் பண்றேன்.

நீ ஆறாவது படிக்கறப்போ சனிக்கிழமை சனிக்கிழமை மண்டபத்துல இருந்து ராம்நாட்டுக்கு பாட்டு கிளாஸுக்கு பஸ்ல போவோமே, ஒரு நாள் அந்த டீச்சர் உன் முன்னாடியே "சங்கீதம்லாம் தஞ்சாவூர் தண்ணி சார், கடக்கரை ஆளுகளுக்கு ஒட்டாது"ன்னு சொல்லிட்டாங்க. நான் ஒன்னும் பேசாம செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன். நீ ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்த, உச்சிப்புளி தாண்டினதும்தான் "நம்ம ஊர்ல யாருமே பாட்டு போட்டதில்லையாப்பா"ன்னு கேட்ட. எனக்கு அப்ப தெரியல தாயி. அது இத்தன வருசமா நெஞ்சுல கெடக்கு.

பதில் உன் மடியில இருந்த நோட்டுலயே இருந்திருக்கு. அந்த வர்ணத்தப் போட்டவரு ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார், பூச்சி ஐயங்கார்னு சொல்வாங்க. 1860ல நம்ம ராமநாதபுரத்துலயே பொறந்து, பட்ணம் சுப்ரமணிய ஐயர்கிட்ட படிச்சு, சேதுபதி சமஸ்தானத்துல ஆஸ்தான வித்வானா இருந்தவரு. பாஸ்கர சேதுபதி இருந்தாரே, விவேகானந்தரை சிகாகோவுக்கு அனுப்ப முன்ன நின்னவரு, விவேகானந்தர் திரும்பி வந்தப்போ 1897ல பாம்பன்ல வந்து எதிர்கொண்டவரு, அந்த ராஜா காலம்தான்.

தஞ்சாவூரை நான் குறைச்சு சொல்லல. பட்ணம் ஐயரோட குரு மானாம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவருக்கு குரு தியாகராஜ சுவாமி. நம்மவரும் அந்த நன்றி மறக்காம ரீதிகௌளை ராகத்துல சத்குரு சுவாமிகின்னு தியாகராஜர் மேலயே ஒரு கீர்த்தனை போட்டிருக்காரு. ஆனா அந்தத் தண்ணி இங்கயும் வந்து பாஞ்சிருக்குல்ல? இவருகிட்ட படிச்ச அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இன்னைக்கு கச்சேரின்னா இந்த வரிசையில இருக்கணும்னு அமைச்சுக் குடுத்தவரு, முதல்ல வர்ணம், அப்புறம் மத்ததுன்னு.

கிருதி, ஜாவளி, தில்லானான்னு எல்லா வகைப் பாட்டும் பண்ணியிருக்காரு. பேகடை ராகத்துல அனுதினமுனு கேளு, பூர்விகல்யாணியில பரமபாவன ராம கேளு. கானடாவுல, அட தாளம்ங்கற நீளமான தாளத்துல வர்ணம் ஒன்னு, நேர நம்மிதி, பெரிய வித்வான்களே மூச்சப் புடிச்சுக்கிட்டு பாடறது. ஆனா எனக்கு என்னமோ நின்னுகோரிதான். மோகனத்துல ம கிடையாது நி கிடையாது, அஞ்சே சுரம், அத வச்சே ஒரு சின்னப் புள்ள வாய்க்கும் அடங்கற மாதிரி, மேடையில கச்சேரி தொடங்கறவங்களுக்கும் பத்தற மாதிரி ஒன்ன கட்டி வச்சிருக்காரு பாரு, அது லேசான காரியமா? லோகநாயகா, உன்னையே விரும்பி இருக்கேன்னுதான் பல்லவி. பாப்பா மொதல்ல மெதுவா பாடுனா பாரு, அப்ப எனக்கு கண்ணு நெறஞ்சிருச்சு. நீ பஸ்ல வாய்க்குள்ளயே பாடிக்கிட்டு வருவியே, அதே குரல்.

அவள அவசரப்படுத்தாத. முதல் காலம் நிக்கட்டும், அப்புறம் தானா ரெண்டாவது வரும்.

இங்க கச்சான் காத்து ரெண்டு நாளா ஓயாம அடிக்குது, கதவ சாத்துனாத்தான் பாட்டு கேக்குது. இன்னைக்கு பரண்ல இருந்து உன் நோட்ட எறக்குனேன், உப்புக் காத்துல ஓரமெல்லாம் பழுப்பேறிப் போச்சு, உன் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கு. மேல ராகம் மோகனம், தாளம் ஆதின்னு எழுதியிருக்க, போட்டவர் பேரு இல்ல. அந்த இடத்துல நான் எழுதிட்டேன். மாமா அடுத்த மாசம் அங்க வர்றான், குடுத்து விடறேன், பாப்பா கையில குடு.

அப்பா